பாதிக்குக் கீழே இறங்காத முள்

எங்கள் அத்தை எதையும் ஆட்டிப் பார்த்துத்தான் நம்புவாள். எண்ணெய் பாட்டில், மாத்திரை டப்பா, தீப்பெட்டி, எதுவானாலும் கையில் எடுத்தவுடன் காதருகே கொண்டுபோய் ஒரு ஆட்டு. ஆட்டும்போது கண்ணை லேசாக மூடிக்கொள்வாள். நான் பட்டம் வாங்கிவந்த அன்று, சான்றிதழைச் சுருட்டி வைத்திருந்த அட்டைக் குழாயையும் அப்படித்தான் ஆட்டினாள். உள்ளே காகிதம் சரசரத்தது. "ஏதோ இருக்கு" என்று சொல்லித் திருப்பித் தந்தாள். வீடே சிரித்தது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் அது. விண்ணப்பங்கள் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும் நாட்களில் நானே அந்தக் குழாயை எடுத்து ஆட்டிப் பார்த்திருக்கிறேன். அத்தை சொன்னதற்கு மேல் எனக்கும் எதுவும் கேட்டதில்லை.

அவள் அதிகமாக ஆட்டியது பைக்கை. காலையில் கிளம்பும்முன் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, தொடையால் முட்டுக்கொடுத்து, வண்டியை இடமும் வலமுமாக அசைப்பாள். குனிந்து பெட்ரோல் டேங்கில் காதை வைப்பாள். உள்ளே களக் களக் என்று கேட்டால் போகலாம். சலசலவென்று கேட்டால் வழியில் பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டும். சத்தமே இல்லையென்றால் அப்பாவை எழுப்ப வேண்டும்.

அப்பாவை ஏன் எழுப்ப வேண்டும் என்றால், வண்டி இருவருக்கும் பொது. அத்தை அப்பாவின் அக்கா. வாழப் போன இடம் ஒத்துவராமல் ஒரே பையோடு திரும்பி வந்தவள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் தரை துடைக்கச் சேர்ந்து, ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலைக்கு மாறினாள். வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் காலை ரூட் என்றார்கள். அப்பா அவர் வேலை பார்க்கும் ஐஸ் ஃபாக்டரியின் பின்கட்டில் வைத்து அவளுக்குப் பைக் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்குக் கொடுத்த சாவி முழுசாகத் தன் கைக்குத் திரும்பி வரவே இல்லை என்பார். காலையில் அத்தைக்கு, சாயங்காலத்திலிருந்து அப்பாவுக்கு என்று ஏற்பாடு. அப்பா விடியும்போது வண்டியை நிறுத்திவிட்டு, அத்தையின் சாம்பிள் பெட்டிக்கு உடைந்த ஐஸ் கட்டிகளை ஒரு பையில் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்.

"ஐஸைக் குடுத்துட்டு பெட்ரோலை உறிஞ்சிட்டு வந்துடறான்" என்பாள் அத்தை.

பெட்ரோல் குறைவதுகூடப் பிரச்சினை இல்லை. அந்தப் பழைய வண்டியில் முள்ளும் கிடையாது, விளக்கும் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் திணறுவதுபோல இழுக்கும். உடனே டேங்கின் அடியில் இருக்கும் டேப்பை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும். அப்போது கொஞ்ச தூரம் ஓடும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் ஊற்றிவிட்டு டேப்பை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்பா கொண்டுவர மாட்டார். ரிசர்வில் வந்து, ரிசர்விலேயே நிறுத்தி, ரிசர்விலேயே தூங்கிவிடுவார். மறுநாள் அத்தையின் வண்டி திணறாது, எச்சரிக்காது. நடுரோட்டில் பட்டென்று நிற்கும்.

இப்படி நின்றுபோய் அத்தை லேபுக்குத் தாமதமாகப் போவது கூடிக்கொண்டே இருந்தது. ரத்தம் காத்திருக்காது. சில சாம்பிள்கள் குறித்த நேரத்துக்குள் மெஷினுக்குப் போகாவிட்டால் கெட்டுவிடும். பட்டினியாக இருந்து கை நீட்டிய மனுஷனை மறுபடி பட்டினி போட்டு, மறுபடி குத்த வேண்டும். லேபின் பொறுப்பாளர் அம்மா அதிகம் பேசாதவர். ஒரு நாள் அத்தையைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை லேட்டானா காலை ரூட்டை மாத்திடுவேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அன்று அத்தை வீட்டுக்கு வந்து உட்காரவே இல்லை. பொதுவாகவே உட்காராதவள்தான். சாப்பாட்டைக்கூட ஜன்னலோரம் நின்று தட்டைக் கையில் ஏந்தித் தின்பாள். அன்று தட்டையும் எடுக்காமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

"மனசுல வச்சுக்காதீங்கன்னு சொல்றாங்க. வேற எங்க வச்சுக்கறது, பைலயா?"

"கவுண்டர்ல உட்காரச் சொல்லுவாங்க, அவ்வளவுதானே அண்ணி" என்றாள் அம்மா. "வெயில் இல்லாம நிம்மதியா இருக்கலாம்."

"நிம்மதியாவா? என்னையா?" என்று கேட்டுவிட்டு அத்தை மறுபடி நடந்தாள்.

அந்த ரூட்டில் என்ன இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் ஒருவருக்கு நரம்பே அகப்படாது. அத்தை அவர் முழங்கையை விரலால் தடவிக்கொண்டே வீட்டு நாயைப் பற்றிக் கேட்பாள். அவர் நாயைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் எடுத்து முடிந்திருக்கும். இப்படி அந்த ரூட் முழுக்க அவளுக்குக் கைகள் இருந்தன. முகங்களைவிட அவளுக்குக் கைகள்தான் ஞாபகம் இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதையும் ஆட்டிப் பார்க்கிற அத்தை, ரத்தக் குழாயை மட்டும் ஆட்ட மாட்டாள். தூங்கும் குழந்தையைப் புரட்டுவதுபோல மெதுவாகக் கவிழ்ப்பாள், நிமிர்த்துவாள். "ஆட்டினா உடைஞ்சு போகும்" என்பாள். குழாய் அல்ல, உள்ளே இருக்கும் ரத்தம்.

நடந்து நடந்து களைத்த பிறகு அவள் சொன்னாள்: "வண்டிக்கு ஒரு மீட்டர் வைக்கணும். உள்ள எவ்வளவு இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும்."

மெக்கானிக்கிடம் நானும் கூடப் போனேன். எல்லோரும் அவரை 'இரும' என்றுதான் கூப்பிடுவார்கள், எப்போதும் இருமிக்கொண்டே இருப்பார் என்பதால். அவர் டேங்கைத் தட்டினார், இருமினார்.

"முள்ளு வைக்கறதுன்னா உள்ள மிதவை வேணும்க்கா. இந்த டேங்குல அதுக்கு ஓட்டை கிடையாது. வெட்டி வெல்டு வைக்கணும். பெட்ரோல் டேங்க்ல வெல்டு வச்சா நீங்க என்னைத் தேட வேண்டியிருக்கும், துண்டு துண்டா. வேற டேங்க் கிடைக்கட்டும், சொல்றேன்."

"எப்ப கிடைக்கும்?"

"கிடைக்கறப்ப."

இந்தப் பதில் அத்தைக்கு ஒத்துக்கொள்ளாது. அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டேங்க் கீழ்ப்பக்கம் இரண்டு வயிறாகப் பிரிந்து எஞ்சின்மேல் கவிழ்ந்திருக்கும். அந்த இரண்டு வயிற்றையும் அடியில் ஒரு சின்ன ரப்பர் குழாய் இணைத்திருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே, "இதை நடுவுல வெட்டி, ஒரு கிளை பிரிச்சு, கண்ணாடி மாதிரி ஒரு குழாயை மேல வரைக்கும் கொண்டு போனா? உள்ள எவ்வளவு இருக்கோ அவ்வளவுதானே குழாய்லயும் நிக்கும்?" என்றாள்.

இரும இருமுவதை நிறுத்தினார். "நிக்கும்" என்றார்.

"குழாய் என்கிட்ட இருக்கு."

சலைன் குழாய். லேபில் உறை பிரிக்காமல் நாள் கடந்துபோனதைத் தூக்கிப்போடும் பெட்டியிலிருந்து கேட்டு வாங்கி வந்தாள். "பெட்ரோலுக்கு இது தாங்குமா அத்தே?" என்று கேட்டேன். ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான். எனக்கும் தெரியாது, நான் படித்தது வணிகவியல். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மனுஷ உடம்புக்குள்ள போற குழாய்டீ இது. அதைவிடவா பெட்ரோல் உசத்தி?" வாழ்நாள் முழுக்க அந்தக் குழாயை நம்பி மனிதர்களைப் பார்த்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

இரும அதை டேங்கின் இடதுபக்கமாக மேலே கொண்டுபோய்க் கம்பி வைத்துக் கட்டினார். பெட்ரோல் ஊற்றியதும் குழாய்க்குள் இளம் சிவப்பாக ஒரு கோடு ஏறி நின்றது. அத்தை வண்டியை ஆட்டினாள். கோடும் ஆடியது. கையை எடுத்தாள். கோடு நின்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் நீடிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் லேபில் குழாய்களுக்கு ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து டேங்கில் ஒட்டினாள். இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பதற்கான அடையாளம். அதில் பெயர், வயது என்று கட்டங்கள் இருக்கும். பெயர் என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதினாள். வயது என்ற இடத்தில் 'இன்னும் வரல'.

அப்பா எழுந்துவந்து படித்தார். "ரிப்போர்ட் எப்ப வரும்?"

"தினம் காலைல வரும். கண்ணுக்கு நேரா."

இரண்டே நாளில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி இடதுபக்கம் சாயும், பெட்ரோலும் இடதுபக்கம் சேரும், குழாயில் கோடு உயரும். வாசல் சரிவில் இன்னும் கொஞ்சம் சாய்த்து நிறுத்தினால் இன்னும் உயரும். "பாரு அக்கா, ஸ்டிக்கருக்கு மேல நிக்குது" என்பார் படுத்துக்கொண்டே. அத்தை வண்டியை நிமிர்த்துவாள். கோடு சர்ரென்று கீழே போகும்.

"டேய், நிமிந்து நின்னா காணோமேடா!"

"வீட்டுல இருக்கிற எல்லாரும் அப்படித்தான். சாஞ்சு இருக்கிறப்பதான் நிறைவா தெரியும்."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அத்தை ஐஸ் பையால் அப்பாவின் காலில் ஒன்று வைத்தாள். ஆனாலும் அதற்குப் பிறகு அப்பா வரும்வழியில் பெட்ரோல் போட ஆரம்பித்தார், டேப்பையும் பார்த்துத் திருப்பினார். வண்டி நிற்கவில்லை. லேபுக்குத் தாமதமில்லை. அத்தை மட்டும் குழாயைப் பார்த்துவிட்டு, பார்த்தது போதாமல் ஆட்டியும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

குழாய் மெல்ல மஞ்சளானது. பெட்ரோல் நிறம் ஏறுகிறது என்று நினைத்தாள். பிறகு விறைத்தது. விரலால் சுண்டினால் குச்சி மாதிரி சத்தம் கேட்டது. வெயிலில் பதம் ஏறிவிட்டது, இனிமேல் அசையாது என்று சந்தோஷப்பட்டாள்.

அன்று கடைசி வீடு ஒரு தையல்காரருடையது. அவர் மனைவியிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு பெட்டியோடு அத்தை வெளியே வந்தபோது தெருவே பெட்ரோல் நாற்றம். வண்டிக்குக் கீழே ஈரம் பரவியிருந்தது. குழாய், ரப்பரோடு சேருமிடத்தில் முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. டேங்கின் அடிவயிற்றிலிருந்து பிரித்த கிளை என்பதால் ரிசர்வும் மிச்சமில்லை. அவள் ஆட்டினாள். சத்தமே இல்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போதும் நின்றுகொண்டுதான் சொன்னாள். புடவையெல்லாம் பெட்ரோல் வாடை.

"ஆட்டோ பிடிச்சிருக்கலாமே அண்ணி?" என்றாள் அம்மா.

"அந்தத் தெருவுல ஆட்டோ வரணும்னா யாராவது சாகணும். தள்ளிட்டே மெயின் ரோடு வரைக்கும் வந்துட்டேன். பின்னாடி பெட்டி, உள்ள அத்தனை பேர் ரத்தம். ஐஸ் உருகிட்டே இருக்கு. அப்பத்தான் ஒருத்தர் பக்கத்துல வந்து வேகத்தைக் குறைச்சார். வண்டி பூரா பிளாஸ்டிக் வாளி, மக், கூடை. கோபுரம் மாதிரி கட்டியிருந்தார். 'ஏறி உட்காருங்க, நியூட்ரல்ல போடுங்க'ன்னார். என் வண்டி ஃபுட்ரெஸ்ட்ல அவர் இடது காலை வச்சாரு. வண்டி நகருது!"

"யாரு அவரு?" என்றார் அப்பா, தூக்கம் கலைந்து.

"தெரியாது. ஹெல்மெட் போட்டு, மூக்குக்கு மேல துண்டு கட்டியிருந்தார். அண்ணனா தம்பியான்னுகூடத் தெரியல. பொதுவா 'சார்'னு வச்சுக்கிட்டேன். நம்ம வண்டி வலதுபக்கக் கண்ணாடிதான் தொங்கிப் போய்க் கிடக்கே, அதுல அவர் கால் மட்டும் தெரிஞ்சது. பழுப்பு செருப்பு, நீல வாரு. வாரு அறுந்து வேற செருப்பு வாரைப் போட்டிருக்கார். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல ஏறி உட்கார்ந்திருக்கு. லேப் வரைக்கும் அந்த விரலைத்தான் பார்த்துட்டே வந்தேன்."

"ரோட்டைப் பார்க்கலையா?" என்றேன்.

"ரோட்டையும் பார்த்தேன், பட்டதாரி. நடுவுல பங்க் வந்துச்சு. 'இங்க நிறுத்தவா?'ன்னார். 'ஊத்தினா கீழ ஒழுகிடும் சார், குழாய் போயிடுச்சு, எனக்கு லேபுக்குப் போகணும்'னேன். லேப் எங்கன்னு கேட்டார். சொன்னேன். ஒரு 'சரி' வந்துச்சு, அவ்வளவுதான். அவர் போற திசையே இல்லை அது. பாலம் ஏறி இறங்கணும். ஏத்தத்துல கால் நடுங்குது அவருக்கு, கண்ணாடியில தெரியுது. காலை எடுக்கவே இல்லை."

தண்ணீர்ச் செம்பை எடுத்த அத்தை, பழக்கத்தில் ஆட்டிவிட்டுக் குடித்தாள்.

"கேட்டுல நிறுத்தி, 'சார், உங்களுக்கு நான் என்ன செய்யறது?'ன்னு கேட்டேன். 'என் வண்டியும் ஒருநாள் நிக்கும். அன்னிக்கு நீங்க தள்ளுங்க'ன்னார். 'கண்டிப்பா சார்'னு சொல்லிட்டுப் பெட்டியைத் தூக்கிட்டு ஓடினேன். அந்தம்மா கடிகாரத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. 'பெட்ரோல்லயா குளிச்சிட்டு வர்றீங்க?'ன்னாங்க. சாம்பிளை வாங்கிட்டாங்க. நேரத்துக்குள்ளதான். திரும்பி வெளிய வந்தா அவரைக் காணோம்."

"போகட்டும், ரூட் தப்பிச்சதே" என்றாள் அம்மா.

"ரூட் தப்பிச்சுது. நான் மாட்டிக்கிட்டேன்" என்றாள் அத்தை.

அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது. இரும சீக்கிரமே வேறு ஒரு டேங்க் பிடித்துத் தந்தார். உள்ளே மிதவை, வெளியே வட்டமான கண்ணாடிக்குள் ஒரு சின்ன முள். முறையான மீட்டர். அப்பா பழைய ஸ்டிக்கரைக் கவனமாக உரித்துப் புது டேங்கில், முள்ளின் பாதி அளவுக்கு நேராக ஒட்டினார். அத்தை முள்ளைப் பார்ப்பாள், வண்டியை ஆட்டுவாள், காதை வைப்பாள், மறுபடி முள்ளைப் பார்ப்பாள். இரண்டு சாட்சியும் ஒத்துப்போனால்தான் சாவியைத் திருகுவாள். வண்டி ஓடும்போது அந்த முள் நிலைகொள்ளாமல் துடித்துக்கொண்டே இருக்கும். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. ஆனால் நின்றுபோன வண்டிகளெல்லாம் அவள் கண்ணில் பட ஆரம்பித்தன. எங்கே யார் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் வேகத்தைக் குறைப்பாள். முதலில் காலைப் பார்ப்பாள். பிறகு, யாராக இருந்தாலும், "ஏறி உட்காருங்க, நியூட்ரல்ல போடுங்க" என்பாள். பங்க் வரைக்கும் தள்ளிக் கொண்டுபோய் விடுவாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தால் என்னை இறக்கிவிட்டுவிட்டுப் போவாள். கல்லூரி மாணவன், போலீஸ்காரர், கைக்குழந்தையோடு ஒரு அம்மா என்று எத்தனையோ பேர். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒருத்தரைத் தள்ளினேன். அவர் இல்லை" என்பாள். பிளாஸ்டிக் வாளி கட்டிய வண்டி எது போனாலும் பின்தொடர்வாள். ஒருவர் பயந்துபோய்ச் சந்துக்குள் திரும்பிவிட்டாராம்.

ஒருமுறை நான் சொன்னேன். படித்தவள் சொல்கிறாள் என்ற தொனியில்தான் சொல்லியிருப்பேன். "யாரைத் தள்ளினாலும் கணக்கு தீர்ந்த மாதிரிதானே அத்தே?"

"ரெண்டு பேர் ரத்தத்தை ஒரே குழாய்ல ஊத்துவாங்களாடீ?"

"அது வேற."

"அதேதான். இவங்களுக்கெல்லாம் நான் உதவி பண்றேன். அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன். பேர் மாத்தி ஒட்டக்கூடாது."

என்னைப் படிக்கவைத்தவர்களுக்கு என்ன செய்வது என்று யோசிக்கும்போதெல்லாம், வேறு யாருக்காவது எதையாவது செய்தால் சரியாகிவிடும் என்று சுலபமாக முடித்துக்கொள்கிறவள் நான். அவள் அப்படி முடித்துக்கொள்ள மறுத்தது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

பிறகு அவளுடைய இடது முழங்கால் மடங்க மறுத்தது. ஊசி போட்டார்கள், எண்ணெய் தடவினார்கள், கடைசியில் வண்டியைத் தொடக்கூடாது என்றார்கள். தாமதத்தால் போகாத காலை ரூட், முழங்காலால் போனது. அதே லேபில் கவுண்டரில் உட்கார்ந்து இப்போது குழாய்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். உட்கார்ந்து என்று சொல்கிறேன். பாதி நேரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். டைப்பிஸ்ட் படியிறங்கி, ரிக்‌ஷா பிடித்து, அவளைத் தேடி லேபுக்கே வருகிறார். புது ஆள் கையைக் குத்திக் கன்னிப்போக வைத்துவிட்டானாம்.

அப்பாவும் ஃபாக்டரியை விட்டுவிட்டார். வண்டி எனக்கு வந்தது. தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்கு அந்தப்பக்கம் ஒரு கிடங்கில் சரக்கு வந்த விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். இதுதானா நான் படித்தது என்ற கேள்வி போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் வருகிறது. இடையில் அந்தப் பாலத்தைக் கடக்கிறேன். அந்த ஏற்றத்தில் ஒரு காலால் இன்னொரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவரைப் பற்றி யோசிக்கிறேன். என் கண் தானாகவே கால்களைப் பார்க்கிறது.

"அத்தே, அந்தச் செருப்பு எப்பவோ தேஞ்சு போயிருக்கும்" என்றேன் நேற்று.

"செருப்பை மாத்தியிருப்பார். சுண்டுவிரலை மாத்த முடியுமா?"

"அவர் வண்டியையே மாத்தியிருக்கலாம். புது வண்டி நிக்காது."

"எல்லா வண்டியும் ஒருநாள் நிக்கும்" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சாவியைக் கேட்டு வாங்கித் திருகினாள். முள் எழுந்து, நடுங்கி, பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. 'தம்பி' என்ற எழுத்து மங்கிப்போன ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இதென்ன?"

"கிடங்குக்குப் போய்வர இது தாராளம் அத்தே."

"உனக்குத் தாராளம். வழியில அவர் வண்டி நின்னு கிடந்தா? பாலம் ஏறி அந்தப்பக்கம் விடணும்னா? பாதி டேங்க்கை வச்சுட்டு அடுத்தவரைத் தள்ள முடியுமா?"

சாவியை என் கையில் திணித்தாள். நான் பங்குக்குப் போய் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். வரும்போது அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முள்ளைப் பார்த்தாள். அது போதவில்லை. சுவரிலிருந்து கையை எடுத்து, வலிக்கும் காலை ஊன்றி, ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை ஒருமுறை ஆட்டினாள்.

அவருடைய வண்டி இன்னும் எங்கேயும் நிற்கவில்லை. நின்றிருந்தால், வேறு யாரோ தள்ளியிருக்கிறார்கள்.